பளபளன்னு இருக்கேன்னு பார்க்காதீங்க!

ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்கோட்டைக்குப் போகிற ஆபீஸ் கோஷ்டி என்ன செய்யும்? மூச்சிரைக்க ராஜகிரி ஏறும், தேசிங்கு ராஜன் கதை பேசும், பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கிடம் பறிகொடுக்கும். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலேயே இடம் பிடித்த கோட்டை, பார்க்க வேண்டியதுதான். ஆனால் மழை விட்ட கார்த்திகையில் போனால், மரத்தடியையும் கொஞ்சம் பாருங்க சார்.

பட்டையிலிருந்து அரைவட்டமாக, சுவரில் அடித்த ஷெல்ஃப் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். தட்டினால் கட்டை. மேலே செம்பழுப்பில் வார்னிஷ் அடித்த பளபளப்பு, ஓரத்தில் வெள்ளை விளிம்பு. இதுவும் காளான்தான்; பெயர் கனோடெர்மா. குடைக்காளானைத் திருப்பினால் மடிப்பு மடிப்பாக இருக்கும். இதன் அடியில் ஊசிமுனைத் துளைகள்தான். அதிலிருந்து கொட்டுகிற வித்துத்தூள், பக்கத்து இலையில் கோகோ பவுடர் தூவின மாதிரி படிந்திருக்கும்.

நான் பி.காம்.காரன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், வெளியே தெரிகிற காளான் வெறும் பேலன்ஸ் ஷீட். கையாடல் நடப்பதெல்லாம் உள்ளே! நூல் நூலாக மரத்துக்குள் பரவி, வேண்டிய மட்டும் தின்ற பிறகுதான் வெளியே தலைகாட்டும். காளானை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு 'மரம் பிழைச்சுது' என்பது, திருடனின் செருப்பைப் பிடுங்கிக்கொண்டு ஆளை விட்ட கதை.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது வேடிக்கை இல்லை. 1952-ல் தஞ்சை மாவட்டத்தில் தென்னைகளைப் படுத்தியதால் 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்றே பெயர். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு கசியும், மட்டை தொங்கும், குரும்பை கொட்டும். காளான் முளைக்கும்போது காரியம் கைமீறியிருக்கும். மண் வழியாக அடுத்த மரத்துக்கும் போகும். அதனால்தான் நோய் கண்ட மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டித் தனிமைப்படுத்தச் சொல்கிறார்கள். கோட்டைக்கு மட்டுமா, தென்னைக்கும் அகழி! மற்ற மரங்களுக்கு வருஷம் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, 1 சதவிகித போர்டோ கலவை.

எல்லா மரக்காளானும் வில்லன் இல்லை. பக்கமலைக் காட்டில் விழுந்து கிடக்கிற கட்டையெல்லாம் மக்கி மண்ணாவது இந்த ஜாதியால்தான். செத்த கட்டையில் இருந்தால் ரசியுங்கள். உயிரோடு நிற்கிற சாலையோர மரத்தின் தூரில் இருந்தால், பைக்கை அங்கே நிறுத்தாதீங்க. வேர் அழுகின மரம் இலை பச்சையாக இருக்கும்போதே சாயும்.

பிய்த்து வந்து சூப் வைக்கிற யோசனை வேண்டவே வேண்டாம். ஷேவிங் கண்ணாடி ஒன்றை எடுத்துப் போங்கள். காளானுக்குக் கீழே பிடித்தால், பிய்க்காமலே அந்தத் துளைகளைப் பார்த்துவிடலாம்.