மகனின் காரும் அப்பம்மாவின் காதும்

எங்கள் மகன் இரண்டு வருடம் பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசில், பாவித்த டொயோட்டா 86 கார் ஒன்றை வாங்கினான். இரண்டு கதவு, நிலத்தோடு ஒட்டின மாதிரி ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் கார். வாங்கி மூன்றாம் கிழமை, "அப்பா, இதுக்கு வேற எக்ஸோஸ்ட் போடப் போறன்" என்றான்.

எங்கள் இருவருக்கும் முதலில் வாயில் வந்தது "வேண்டாம்" என்பதுதான். ஆனால் வேண்டாம் என்றால் யாரோ நண்பனின் கராஜில் வைத்துப் போட்டுக்கொண்டு வந்திருப்பான். என்ன போட்டான், எதைக் கழற்றினான் என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆகவே ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலிலேயே, எங்கள் கண் முன்னால் செய்வது என்று முடிவெடுத்தோம். இதே கேள்வி உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கும், அல்லது எழும். அதனால் அறிந்ததையும் கைபட்டதையும் எழுதுகிறோம்.

ஊரில் நாங்கள் சைலன்சர் என்று சொன்னது முழுத் தொகுதியின் கடைசித் துண்டைத்தான். எஞ்சினிலிருந்து வரும் புகை முதலில் கற்றலிற்றிக் கொன்வேட்டரைக் கடக்கிறது. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற பாகம் அது. நச்சு வாயுக்களைக் குறைக்கிறது. ரொறன்ரோவில் இரவில் காருக்கடியில் புகுந்து வெட்டிக்கொண்டு போவது இதைத்தான். அதற்குப் பிறகு நடுக்குழாய். கடைசியில் பம்பருக்குக் கீழே சைலன்சர். எஞ்சினின் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தமான காற்று ஒரு அடியாக வெளியே பாய்கிறது. சைலன்சருக்குள் இருக்கும் அறைகளில் அந்த ஒலி அலைகள் மோதித் திரும்பி ஒன்றையொன்று அழிக்கின்றன. மிச்சத்தைக் கண்ணாடிப் பஞ்சு போன்ற பொதி உறிஞ்சுகிறது.

கடைசித் துண்டை மட்டும் மாற்றினால் காரின் வேகம் கூடும் என்று மகன் நம்பினான். அப்படிக் குறிப்பிடும்படி ஒன்றும் கூடாது. மாறுவது சத்தம்தான். இதை அவனே தேடி வாசித்துவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு எங்களிடம் சொன்னான். சத்தத்துக்காகத்தான் என்று தெரிந்த பிறகு, எவ்வளவு சத்தம் என்று கேட்பது சுலபமாகிவிட்டது.

சட்டத்தையும் சேர்ந்தே வாசித்தோம். ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு வாகனத்திலும் நன்றாக இயங்கும் சைலன்சர் இருக்க வேண்டும். உள்ளே குடைந்தெடுத்த சைலன்சரும், சைலன்சரே இல்லாத நேர்குழாயும், அதைச் சுற்றிப் போகும் மாற்றுவழியும் கூடாது. அந்தப் பிரிவில் டெசிபல் கணக்கு இல்லை. அதாவது "இது அளவுக்கு மிஞ்சிய சத்தம்" என்று தெருவோரத்தில் முதலில் தீர்மானிப்பது பொலிஸ்காரரின் காது. ரொறன்ரோ நகரசபையின் இரைச்சல் விதியோ, தேவையில்லாமல் எஞ்சினை முறுக்குவதையே தனியாகத் தடுக்கிறது. நின்ற இடத்தில் நின்று இரைய விடுவதற்கு நல்ல சைலன்சர் பூட்டியிருப்பது சாட்டாகாது.

இன்னொரு தவறான எண்ணம் பெடியளிடையே உலாவுகிறது. 2019 ஏப்ரலில் ஒன்ராறியோ சாதாரண கார்களுக்கான கட்டாயப் புகைப் பரிசோதனையை நிறுத்தியது. ஆகவே கற்றலிற்றிக் கொன்வேட்டரைக் கழற்றினாலும் பரவாயில்லை என்கிறார்கள். பரிசோதனைதான் போனது, தடை போகவில்லை. மகனிடம் நாங்கள் போட்ட ஒரே கண்டிப்பான நிபந்தனை இதுதான்: நடுக்குழாய்க்கு முன்னால் ஒரு போல்ட்டையும் தொடக் கூடாது.

யேர்மனியில் இருக்கும் உறவுகளுக்கு இது இன்னும் இறுக்கம். அனுமதி இலக்கமோ சான்றிதழோ இல்லாத சைலன்சரைப் பூட்டினால், வாகனத்தை வீதியில் ஓட்டும் அனுமதியே இல்லாமற் போகலாம். பிரித்தானியாவில் அதே ரகக் காரின் வழமையான சைலன்சரை விட நியாயமற்ற அளவுக்குச் சத்தம் கேட்டால், வருடாந்த எம்.ஓ.ரி பரிசோதனையில் தவறும்.

இவ்வளவையும் வாசித்த பிறகும் மகன் தெரிவு செய்து வைத்திருந்தது பெரிய சத்தக்காரன் ஒன்றைத்தான். அவனுடைய மனதை மாற்றியது சட்டமில்லை. ஒரு ஞாயிறு பின்னேரம் அவனுடைய நண்பன் தன் காரோடு வந்தான். பின் சைலன்சரை வெட்டி எறிந்து வெறும் குழாய் விட்ட கார். வாசலில் நிறுத்தி இரண்டு தரம் முறுக்கினான். யன்னலோரம் இருந்த அப்பம்மா எழும்பி, ஒன்றும் சொல்லாமல் நடு அறைக்குப் போய்ச் சுவரோடு இருந்துவிட்டார். அங்கிருந்துதான், "தம்பி, பொம்மர் வருதோ?" என்று கேட்டார். அவர் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இருபது வருடத்துக்கு மேல். தாழ்ந்த, அதிர்கிற சத்தம் சுவரைக் கடந்து வரும். உடம்பு அதைக் காதுக்கு முன்னரே கேட்டுவிடுகிறது. மகன் அன்றிரவு தன் தெரிவை மாற்றினான். உள்ளே பெரிய பொதியும் கூடுதலாக ஒரு ரெசனேட்டரும் உள்ள, அமைதியான ரகம். பத்து டெசிபல் கூடினால் மனிதக் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும் என்பதை அவனே தங்கைக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

வேலை ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். முதல் நாள் இரவே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விட்டோம். குளிர்காலத்தில் இங்கே வீதிக்குக் கொட்டும் உப்பு, காருக்கடியில் உள்ள எல்லா இரும்பையும் தின்றுவிடும். காலையில் காரை ஓட்டவே இல்லை. சூடான குழாய் ஆற மணிக்கணக்காகும், தொட்டால் தோல் கழன்றுவிடும்.

காரை உயர்த்தும் இடத்தில்தான் கூடிய நேரம் செலவிட்டோம். ஜாக் என்பது உயர்த்துவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. எண்ணெய் கசிந்தால் ஒரு நொடியில் இறங்கிவிடும். உயர்த்தியதும் கைநூலில் காட்டியுள்ள இடங்களில் ஸ்டாண்ட்களை வைத்து, காரை அவற்றின் மேல் இறக்கி, பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பார்த்த பிறகுதான் உள்ளே போகலாம். முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை. கோடை வெயிலில் வாசல் தார் இளகி ஸ்டாண்டின் கால் புதையும் என்பதால் கீழே தடித்த பலகை வைத்தோம். ஒருவர் காருக்கடியில் இருக்கும்போது மற்றவர் வெளியே நிற்பது என்பது விதி. துரு கண்ணில் விழும், கண்ணாடி கட்டாயம். இதில் எதையும் நண்பனின் கராஜில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள் என்பது எங்கள் எண்ணம்; பிழையாகவும் இருக்கலாம்.

நடுக்குழாயையும் சைலன்சரையும் சேர்ப்பது இரண்டு போல்ட். 14 மில்லிமீற்றர் சொக்கெட். முதலாவது கழன்றது. இரண்டாவது கழுத்தில் முறிந்தது. மகனின் முகம் கறுத்துவிட்டது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர் இந்த வீட்டு அப்பா. முறிந்த போல்ட் அவருக்குப் புதினமில்லை. துண்டைத் தட்டி எடுத்தோம். புது போல்ட்டும் புது கஸ்கெட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தோம். அந்தச் சில டொலர் அன்றைய நாளைக் காப்பாற்றியது.

சைலன்சரைத் தொங்க விட்டிருக்கும் றப்பர்கள்தான் உண்மையில் பொறுமையைச் சோதிப்பவை. சவர்க்காரத் தண்ணீர் தடவி, கம்பியின் நுனியிலிருந்து மெல்ல மெல்லத் தள்ள வேண்டும். கடைசி றப்பர் விடும்போது முழுப் பாரமும் விழும், ஆகவே ஒருவர் கீழே தாங்கிக்கொள்ள வேண்டும். புதியதை மாட்டியதும் உடனே இறுக்கக் கூடாது. கையால் மட்டும் முறுக்கி விட்டு, பம்பருக்கும் குழாய் நுனிக்கும் இடையே சுற்றிவர இடைவெளி சரியா என்று பார்த்து, பிறகுதான் இரண்டு போல்ட்டையும் மாறி மாறி இறுக்க வேண்டும்.

எஞ்சினைத் திறந்த வெளியில் மட்டுமே ஸ்டார்ட் பண்ணுங்கள். கராஜ் கதவைப் பாதி திறந்து வைப்பது போதாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குழாய் சூடாகுமுன் மூட்டில் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தோம். குமிழி வந்தால் கசிகிறது என்று அர்த்தம். வரவில்லை. முதல் பத்து நிமிடம் கொஞ்சம் புகைந்தது. புதுக் குழாயில் ஒட்டியிருந்த எண்ணெயும் எங்கள் கைரேகைகளும் எரிந்த புகை அது.

ஸ்டார்ட் பண்ணுமுன் மகன் உள்ளே போய், "அப்பம்மா, இப்ப கார் ஸ்டார்ட் பண்ணப் போறம்" என்று சொல்லிவிட்டு வந்தான். அவர் யன்னலில் நின்று பார்த்தார். "இதுக்கோ இவ்வளவு பாடு?" என்றார்.

காப்புறுதி நிறுவனத்துக்குத் திங்கட்கிழமை அறிவித்தோம். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், விபத்து நாளில் அதுவே அவர்களுக்குக் காரணமாகலாம். பழைய சைலன்சரைத் துணி சுற்றி நிலக்கீழ் அறையில் வைத்திருக்கிறோம், விற்கும்போது கேட்பார்கள். நூறு கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடி உயர்த்திப் பார்த்தபோது, ஒரு நட் அரைச் சுற்று இளகியிருந்தது.