ஆபரேஷன் ஆயிற்று, தொண்டை வலி ஏன் போகவில்லை?

புளியேப்பத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் நம் வீடுகளில் பஞ்சமே இல்லை. ஓமம், சீரகத் தண்ணீர், மோர் என்று கை வைத்தியத்தில் ஆரம்பித்து, மாத்திரையில் சில வருஷங்கள் ஓடி, ஒரு சிலருக்குக் கடைசியில் ஆபரேஷன் வரை போய்விடுகிறது. அதையும் தைரியமாகச் செய்துகொண்டு வீட்டுக்கு வந்த பிறகும் தொண்டை வலி விடவில்லை என்றால் எப்படி இருக்கும்? "இத்தனை பணமும் வீண்தானா?" என்று முதலில் வீட்டார் கேட்பார்கள். பிறகு அந்தக் கேள்வி நோயாளியின் மனசுக்குள்ளேயே குடியேறிவிடும்.

என் நாத்தனாருக்கு இந்த ஆபரேஷன் நடந்தபோது கூட இருந்து பார்த்துக்கொண்டவள் நான். டாக்டர்களைக் கேட்டும், அடுப்படியில் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

அது என்ன ஆபரேஷன்?

நாம் விழுங்கும் உணவு, சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்குப் போகிறது. இரண்டும் சேரும் இடத்திலுள்ள தசை ஒரு வாசல் கதவு மாதிரி. அது தளர்ந்துவிட்டால் இரைப்பையின் அமிலம் மேலே ஏறும். இதைத்தான் எதுக்களிப்பது என்கிறோம். சிலருக்கு இரைப்பையின் மேல்பகுதியே மார்புக்குள் நழுவியிருக்கும். அதற்கு 'ஹையாடஸ் ஹெர்னியா' என்று பெயர்.

ஆபரேஷனில், நழுவியதைக் கீழே இறக்கி, இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடிப்பகுதியில் மஃப்ளர் மாதிரிச் சுற்றித் தைத்துவிடுகிறார்கள். ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற ஜெர்மன் டாக்டர் இந்த முறையை 1956-ல் வெளியிட்டார். 1948-ல் விஞ்ஞானி ஐன்ஸ்டீனுக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்தவரும் இவரே! 1991-லிருந்து வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளைகள் போட்டு லாப்ராஸ்கோப் மூலமும் செய்கிறார்கள்.

வலி ஒன்றல்ல, பலவகை

தொண்டை வலி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் எத்தனை நாளாக, எப்போது வலிக்கிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

முதல் சில நாட்கள் வருவது பெரும்பாலும் குழாய் உராய்ந்த வலி. மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் ஒரு குழாய் வைப்பார்கள். சிலருக்கு மூக்கு வழியாக இரைப்பைக்கும் ஒன்று போகும். குரல் கரகரக்கும், எச்சில் விழுங்கினால் வலிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை அடிக்கடி சிறிது சிறிதாகக் குடித்து, உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் சில நாட்களில் தணிந்துவிடும்.

அடுத்த சில வாரங்களில் வருவது வீக்கத்தினால். தையல் போட்ட இடம் வீங்கியிருப்பதால் உணவு இறங்கச் சிரமப்படும். அடைப்பு கீழே இருந்தாலும் நமக்கு என்னவோ கழுத்துக் குழியில் சிக்கிக்கொண்ட மாதிரித்தான் தோன்றும். பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் இது குறைந்துவிடும். 3 மாதத்துக்கு மேலும் விழுங்கச் சிரமம் நீடித்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். எண்டாஸ்கோப் மூலம் அந்த இடத்தை விரித்துவிட வழி இருக்கிறது.

மூன்றாவது, பழைய புண். குரல்வளையின் மேல்தோல் உணவுக்குழாயை விட மென்மையானது. வருஷக்கணக்கில் அமிலம் பட்டுப் புண்ணாகியிருந்தால், ஆபரேஷன் ஆன மறுநாளே ஆறிவிடுமா? மாதங்கள் ஆகும். அதற்குள் நாமே 'க்ஹும், க்ஹும்' என்று கனைத்துக் கனைத்து அதைக் கிளறிவிடுகிறோம்.

நான்காவது, அமிலத்துக்குச் சம்பந்தமே இல்லாத வலி. மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கும் சளி, அலர்ஜி, தைராய்டு வீக்கம், கழுத்துத் தசை இறுக்கம் என்று எத்தனையோ இருக்கலாம். நெஞ்செரிச்சலுக்கு இந்த ஆபரேஷன் பலன் தரும் அளவுக்குத் தொண்டைத் தொல்லைகளுக்கு நிச்சயமாகப் பலன் தரும் என்று சொல்ல முடியாது. இதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே டாக்டரிடம் மனம் விட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

மறைத்தால் ஆறாது

என் நாத்தனாருக்கு 3 மாதம் ஆகியும் வலி போகவில்லை. "கத்தி வெச்சும் தீரலைன்னா அது தலையெழுத்து" என்று மாமியார் சொன்னதைக் கேட்டதிலிருந்து அவள் வாயே திறப்பதில்லை. கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்லை, அண்ணி" என்பாள். ஆனால் சாப்பாடு பாதியாகிவிட்டது. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப் போனோம்.

எண்டாஸ்கோப்பி எடுத்தார்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாய் வைத்து, அமிலம் ஏறுகிறதா என்று 24 மணி நேரம் அளந்தார்கள். ஏறவே இல்லை. ஆபரேஷன் பலித்துத்தான் இருந்தது! காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்து, கனைப்பதால்தான் குரல்வளை சிவந்திருக்கிறது, கழுத்துத் தசையும் இறுகியிருக்கிறது என்றார். குரல் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். கனைக்கத் தோன்றும்போதெல்லாம் ஒரு வாய் தண்ணீர் விழுங்க வேண்டும். மெதுவாகப் பேசலாம், ஆனால் கிசுகிசுக்கக் கூடாது. வலி படிப்படியாகக் குறைந்தது. அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பனிக்காலத்தில் இன்னும் எட்டிப் பார்க்கிறது. ஆனால் பயம் போய்விட்டது, சாப்பாடு இறங்குகிறது.

அடுப்படியில் கவனிக்க வேண்டியவை

டாக்டர் எழுதிக் கொடுக்கும் உணவு முறைதான் முதலில். பொதுவாக ஆரம்பத்தில் திரவம், பிறகு சில வாரங்கள் குழைந்த உணவு என்று போகும். நான் செய்து கொடுத்தவை: வடிகட்டிய பருப்புத் தண்ணீர், அரிசிக் கஞ்சி, கட்டியில்லாத கேழ்வரகுக் கஞ்சி, கரைத்த மோர் சாதம், மசித்த பூசணிக்காய்க் கூட்டு. பிறகு, காரமில்லாத நீர்த்த சாம்பாரில் நன்றாக ஊறிய இட்லி.

ரொட்டி, சப்பாத்தி, புட்டு, முறுகல் தோசை, இறைச்சித் துண்டு இவையெல்லாம் சிக்கிக்கொள்ளும். டாக்டர் சொல்லும் வரை வேண்டாம். ஒரு நாளைக்கு 3 வேளைக்குப் பதில் 5, 6 வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கவளம் சின்னதாக இருக்கட்டும், மென்று கூழாக்கி விழுங்கட்டும்.

வயிறு உப்புசமாக இருந்தால் நம் வழக்கம் ஒரு சோடாவை உடைத்துக் கொடுப்பது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஏப்பம் விடுவதே கஷ்டம். உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் திண்டாட வைக்கும். சோடா, கலர் எதுவும் கூடாது. தொண்டை வலிக்கிறதே என்று மிளகுக் கஷாயம், எலுமிச்சம்பழச் சாறு, சுக்குக் காபி கொடுப்பதும் புண்ணில் காரம் தடவுகிற மாதிரிதான்.

மாத்திரை பெரிதாக இருந்தால் பொடி செய்து கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது. வலி மாத்திரையைக் கடையில் தாமாக வாங்கிப் போடுவதும் ஆபத்து.

தூக்காதீர்கள்

தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர், மாவாட்டிய கிரைண்டர் கல் எதையும் டாக்டர் அனுமதிக்கும் வரை தூக்கக் கூடாது. முக்கினால் தையலுக்கு ஆபத்து. மலச்சிக்கலும் வரக் கூடாது. கைக்குழந்தைக்காரர்களுக்கு இது பெரிய சோதனை. குழந்தையை வேறொருவர் எடுத்து, உட்கார்ந்திருக்கும் தாயின் மடியில் வைக்கட்டும்.

உடனே ஓட வேண்டிய சமயங்கள்

எச்சிலைக்கூட விழுங்க முடியாவிட்டால், ஜுரம் அடித்தால், நெஞ்சு வலி அல்லது மூச்சுத் திணறல் வந்தால், விடாமல் குமட்டினால் அல்லது வாந்தி எடுத்தால், இரத்த வாந்தி எடுத்தால், மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்கக் கூடாது. உடம்பு இளைத்துக்கொண்டே போனாலும், குரல் கரகரப்பு வாரக்கணக்கில் நீடித்தாலும் காட்டிவிட வேண்டும்.

ஒரு சிறு நோட்டில், எந்த நேரத்தில் வலித்தது, என்ன சாப்பிட்ட பிறகு, விழுங்கும்போதா சும்மா இருக்கும்போதா என்று குறித்து வையுங்கள். பத்து நிமிஷத்தில் டாக்டரிடம் சொல்லத் தடுமாறுவதை அந்த நோட்டு சொல்லிவிடும்.

வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. "இன்னுமா வலிக்கிறது?" என்று கேட்பதற்குப் பதில், "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். வார்த்தை ஒன்றிரண்டுதான் மாறுகிறது. ஆனால் முதல் கேள்விக்கு நம் பெண்கள், "ஒன்றுமில்லை" என்று பொய் சொல்வார்கள். இரண்டாவதற்கு உண்மையைச் சொல்வார்கள்.