எஃகுச் சட்டகக் கட்டிடங்களில் மின்னல் புவியிணைப்பு

எஃகுச் சட்டகக் கட்டிடத்தை மின்னல் தாக்கும்போது பாயும் மின்னோட்டத்தைத் தீங்கின்றி நிலத்துக்குள் செலுத்தும் அமைப்பு மின்னல் புவியிணைப்பு ஆகும். இது பேச்சு வழக்கில் எர்த்திங் எனப்படுகிறது. கடலூர் மாவட்டத்தில் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாச்சலம் போன்ற நகரங்களில், எஃகுத் தூண்கள் தாங்கும் தொழிற்கூடங்களுக்கு இது இன்றியமையாதது.

செயற்பாடு

பீங்கான் மின்னோட்டத்தைத் தடுக்கும், எஃகு கடத்தும். செங்கற் கட்டிடத்தில் இடிதாங்கியிலிருந்து தனிக் கடத்தி கீழிறக்கப்படும். எஃகுச் சட்டகத்தில், மேலிருந்து கீழ்வரை மின்தொடர்ச்சி இருப்பின், தூண்களே அக்கடத்திகளாகப் பயன்படும். பல தூண்கள் பகிர்ந்துகொள்வதால் ஒவ்வொன்றிலும் பாயும் மின்னோட்டம் குறைகிறது.

நிலத்துடன் இணைப்பு

தூண் கற்காரை மேடையின்மேல் நிற்பது மட்டும் போதாது; உலர்ந்த கற்காரை மின்னோட்டத்தை நன்கு கடத்தாது. ஆகவே தூண்களின் அடிப்பகுதி, அடித்தளக் கம்பிகளுடனோ கட்டிடத்தைச் சுற்றிப் புதைக்கப்பட்ட வளைய மின்வாயுடனோ இணைக்கப்படும். இந்தியாவிலும் ஏற்கப்பட்ட ஐ.இ.சி. 62305 நியமம், இயன்றவரை 10 ஓமுக்குக் குறைந்த புவித்தடையைப் பரிந்துரைக்கிறது.

மின்சார எர்த்திங், உலோகக் குழாய்கள் ஆகியவையும் இதனுடன் இணைக்கப்பட வேண்டும். இல்லையெனில் தூணுக்கும் குழாய்க்கும் இடையே உயர் மின்னழுத்தம் தோன்றிப் பொறி பாயலாம். அருகில் பணிபுரிவோர் உயிரிழக்கவும் நேரிடும். துரு மின்தொடர்ச்சியைக் குறைக்கும் என்பதால், இணைப்புகள் காலந்தோறும் சோதிக்கப்படுகின்றன.