சக்கரத்தின் கோட்டம்

விடியுமுன்னரே பால்மரக் காட்டுக்குப் புறப்பட்ட தொழிலாளி, பால் வாளியைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்துச் சென்ற அதே செம்மண் பாதைகளில், இன்று ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பருத்த டயரும் டிஸ்க் பிரேக்கும் பூட்டிய மலைச்சைக்கிள்களில் இளைஞர்கள் கூட்டமாகச் செல்வதை, லாபு முதல் பஹாவ் வரை நெகிரி செம்பிலானின் தோட்டப்புறங்களில் காணலாம். பால்மரம் பெரும்பாலான இடங்களில் செம்பனைக்கு வழிவிட்டு ஒதுங்கிவிட்டது. பாதையின் சுபாவம் மட்டும் மாறவில்லை. லோரி உழுதுவிட்ட பள்ளம், மழை அரித்த வாய்க்கால், வெட்டிப் போட்ட செம்பனை மட்டை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று ஒரு கணத்தில் சக்கரத்தைக் கோணலாக்கிவிடும். அப்படிக் கோணிய சக்கரத்தைக் கண்ட மாத்திரத்திலேயே புதியது வாங்கத் தீர்மானிப்பது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. அது பல சமயங்களில் அவசியமற்ற செலவு என்பதே என் அபிப்பிராயம். எனினும் சில சமயங்களில் அதுவே விவேகம். இன்ன சமயம் இன்னது என்று பிரித்தறிய, சைக்கிள் சக்கரம் எதன் பலத்தில் நிற்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

மாட்டுவண்டிச் சக்கரத்தில் பாரத்தின் கீழே வரும் ஆரக்கால் தூணைப்போல நின்று அதைத் தாங்குகிறது. சுமார் 2 மில்லிமீட்டர் பருமனுள்ள ஸ்போக் கம்பிக்கு அவ்விதம் நிற்கும் சக்தி கிடையாது. ஆகையால் நடுவிலுள்ள ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 100 கிலோ பாரம் தொங்கவிட்டாற்போன்ற இழுப்பில் இறுக்கப்பட்டிருக்கிறது. நாம் ஏறி அமரும்போது தரையை நோக்கிய கம்பிகளின் இறுக்கம் சிறிது குறைகிறது. அவை முற்றிலும் தளர்ந்துவிடாதிருக்கும் வரையில் சக்கரம் நிலைகுலைவதில்லை. மலைச்சைக்கிளில் வழக்கமாக உள்ள 32 கம்பிகளில் பாதி ஹப்பின் இடப்பக்கத்திலிருந்தும் பாதி வலப்பக்கத்திலிருந்தும் ரிம்மைத் தத்தம் பக்கம் இழுக்கின்றன. இந்த இழுப்பின் சமநிலைதான் ரிம்மை நேராக நிறுத்துவது. எனவே சக்கரம் கோணினால், ரிம் வளைந்துதான் இருக்க வேண்டுமென்பதில்லை. கம்பிகளின் சமநிலை குலைந்திருக்கலாம். இன்னொரு விஷயமும் உண்டு. அதிக இறுக்கத்தால்தான் கம்பி அறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அறுவது தளர்ந்த கம்பியே. ஒவ்வொரு சுழற்சியிலும் தளர்ந்தும் இறுகியும், ஹப்பருகே வளைவுள்ள இடத்தில் உலோகம் களைத்து, கடைசியில் அங்கேயே முறிகிறது.

இந்த மண்ணிலேயே சைக்கிள் சக்கரம் சரித்திரத்தில் இடம்பெற்ற சம்பவம் ஒன்று உண்டு. 1942 ஜனவரி 14ஆம் தேதி பிற்பகல், கிம்மாஸுக்கு மேற்கே கெமெஞ்சே ஆற்றுப் பாலத்தருகே பதுங்கியிருந்த ஆஸ்திரேலியப் படையினர், சைக்கிளில் வந்த ஜப்பானியரில் பலரை முதலில் கடந்துபோக விட்டு, பின்பு பாலத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். வடக்கே தாய்லாந்து எல்லையிலிருந்து சைக்கிளில் முன்னேறி வந்த ஜப்பானியப் படையினர், வெயிலில் டயர் வெடித்தபோது அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள் என்று ஜப்பானிய ராணுவ அதிகாரி மசனோபு ஸுஜி எழுதிவைத்திருக்கிறார். வழியெங்கும் பால்மரங்கள் ரப்பர்ப் பாலைச் சுரந்துகொண்டிருந்த நாட்டிலேயே அப்படி நேர்ந்தது. அக்காலத்து ரிம் எஃகினாலானது. கல்லில் மோதி நெளிந்தாலும் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். இக்காலத்து அலுமினிய ரிம் அத்தகைய உபசாரத்தைச் சகிக்காது. ஒருமுறை வளைந்து நிமிர்ந்த இடம் பலமிழந்து, இரண்டாம் முறையில் விரிசல் காணும். காற்றிறங்கிய சக்கரத்தில் ஒரு மைல்கூட ஓட்டலாகாதென்பது இதனால்தான்.

இனி, கோட்டம் எடுக்கும் விதம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ரிம்முக்கு மிக அருகே வருமாறு, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைக் கட்டிக்கொண்டு, சக்கரத்தை மெல்லச் சுழற்றினால், கோணிய இடம் அதில் உராய்ந்து தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். ரிம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால், அங்கே வலப்பக்கத்துக் கம்பிகளை, அவற்றை ரிம்மில் பூட்டும் சிறு திருகான நிப்பிளின் சாவியால் கால் சுற்று இறுக்கி, இடப்பக்கத்துக் கம்பிகளை அதே அளவு தளர்த்த வேண்டும். இறுக்குவதை மட்டும் செய்துகொண்டே போனால் ரிம் நேராவதோடு ஹப்பை நோக்கி உள்ளே இழுக்கப்பட்டு, வட்டமே கெட்டுவிடும். டயர்ப் பக்கத்திலிருந்து நோக்கினால் நிப்பிளை வலஞ்சுழியாகத் திருப்புவது இறுக்கம். இதை மனத்தில் கொள்ளாமல் தலைகீழாகத் திருப்பித் தொல்லைப்படுவோர் அநேகர். துருப்பிடித்த நிப்பிளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் சற்றுக் காத்திருப்பது நல்லது. இடையிடையே கம்பிகளை விரலால் மீட்டிக் கேட்க வேண்டும்; ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலித்தால் இறுக்கம் சமமாயிருக்கிறது. பின்சக்கரத்தில் பற்சக்கரங்கள் உள்ள வலப்பக்கம் எப்போதும் சற்று உச்ச ஸ்தாயியில்தான் ஒலிக்கும்; அது குற்றமன்று. பொறுமையாகச் செய்பவருக்குச் சிறிய கோட்டம் எதுவும் கஷ்டமானதல்ல. டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளுக்கு ஒரு மில்லிமீட்டர் அசைவு மிஞ்சினாலும் பாதகமில்லை.

ஆனால் ஒருபக்கத்துக் கம்பி துவண்டும் மறுபக்கத்துக் கம்பி எல்லை மீறி இறுகியும் இருந்து, ரிம் இன்னும் கோணலாகவே நின்றால், உலோகமே வளைந்துவிட்டது என்று பொருள். நிப்பிள் துளையைச் சுற்றி மயிரிழை போன்ற விரிசல் தென்பட்டால் ஆலோசனைக்கே இடமில்லை. அந்த ரிம்மை நம்பித் தோட்டத்து இறக்கத்தில் இறங்குவது உயிருக்கு அபாயம். இங்கேதான் மாற்றுவது விவேகமாகிறது. அப்போதும் ஹப் நல்ல நிலையில் இருந்தால் ரிம்மை மட்டும் மாற்றிப் பணத்தை மிச்சப்படுத்தலாம். அதே துளை எண்ணிக்கையும் அதே உள்விட்டமும் கொண்ட ரிம்மைப் பழையதோடு சேர்த்து ஒட்டிக்கட்டி, கம்பிகளை ஒவ்வொன்றாக இதிலிருந்து அதற்கு மாற்றிவிடுவது பழைய கைவினைஞர்களின் முறை.

முழுச் சக்கரமே வாங்குவதானால், சிரம்பான் கடைக்குப் புறப்படுமுன் அளவுகளை எழுதிக்கொள்வது உத்தமம். 26, 27.5, 29 அங்குலம் என்று சொல்லப்படும் சக்கரங்களில் டயர் அமரும் விட்டம் முறையே 559, 584, 622 மில்லிமீட்டர். ஒன்றின் டயர் மற்றொன்றில் சேராது. அச்சு பழைய மெல்லிய வகையா, பருத்த வகையா, பின்ஹப்பின் அகலம் 135, 142, 148 மில்லிமீட்டர்களில் எது, டிஸ்க் ஆறு திருகாணிகளில் பூட்டுவதா, நடுவில் பூட்டுவதா என்பவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாகக் கோத்த சக்கரத்தின் கம்பிகளை இரண்டிரண்டாகக் கைகளால் அழுத்திவிட்டு, செம்மண் பாதையில் சில தடவை ஓடிய பின்பு மறுபடியும் ஒருமுறை கோட்டம் பார்க்க வேண்டும். முதல் ஓட்டங்களில்தான் கம்பிகள் தத்தம் இடத்தில் படிந்து இறுக்கம் குறைகின்றன.