கொல்லங்குடி கருப்பாயி பாட்டெல்லாம் ஒரே தொகுப்பா வந்தா... காசு யாருக்குப் போகும்?

சிவகங்கை மாவட்டம் கொல்லங்குடியைச் சேர்ந்த நாட்டுப்புறப் பாடகி கருப்பாயி, 2025 ஜூன் 14 அன்று காலமானார். வயது 99. 'ஆண் பாவம்' படத்தின் பாட்டி என்று சொன்னால் சின்னப் பசங்களுக்கும் தெரியும். 1993-ல் கலைமாமணி விருது வாங்கியவர். கடைசிக் காலத்தில் உதவித்தொகையை நம்பி வாழ்ந்தவர் என்பதும் செய்திகளில் வந்ததுதான்.

இவ்வளவு காலம் பாடிய ஒருவரின் குரலை மொத்தமாகக் கேட்க ஆசைப்பட்டால் என்ன செய்வது? சினிமாப் பாடகர்களுக்கு 'ஹிட்ஸ்' என்று போட்டு ஜூக்பாக்ஸ் வருகிறதே, அந்த மாதிரி கருப்பாயி பாட்டிக்கும் ஒரு முழுத் தொகுப்பு போடலாமா? போடலாம். ஆனால் யாரிடம் அனுமதி கேட்பது, வரும் காசில் பாடினவர் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் சிக்கல்.

ஹிட்ஸ் தொகுப்புன்னா என்ன, அதுல யாருக்கு லாபம்?

அமெரிக்காவில் நம்ம கிராமியப் பாட்டு மாதிரி 'கன்ட்ரி' இசை இருக்கிறது. அதில் பெரிய பெயர் பேட்ஸி க்ளைன். 1963-ல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 30. நான்கு வருஷம் கழித்து, 1967-ல் அவருடைய 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' வந்தது. அது பிற்பாடு 1 கோடி பிரதிகளைத் தாண்டியது. உயிரோடு இருந்தபோது விற்றதைவிட இறந்த பிறகு விற்றது அதிகம். அவர் முதலில் கையெழுத்துப் போட்டிருந்த ஒரு சின்ன கம்பெனியின் ஒப்பந்தம் மோசமானது: வழக்கமாகக் கிடைப்பதைவிடக் குறைவான பங்கு, அதுவும் அவங்க கொடுக்கிற பாட்டைத்தான் பாடணும்.

தொகுப்புக்கு புதுசாக ஸ்டூடியோ செலவு கிடையாது. பழைய ஒலிப்பதிவுகள் கையில் இருந்தால் போதும், வரிசைப்படுத்தி ஒரு அட்டைப்படம் போட்டு வெளியிடலாம். அதனால் தொகுப்பு வரும்போது முதலில் சம்பாதிப்பது ஒலிப்பதிவை வைத்திருப்பவர்தான். பாடியவர் ரெண்டாவது. அவர் பெயர் காகிதத்தில் இருந்தால்!

கருப்பாயி குரல் இப்போ யார்கிட்ட இருக்கு?

அவர் முதலில் பிரபலமானது ரேடியோவில். அகில இந்திய வானொலியில் அவர் பாடியதைக் கேட்டுத்தான் பாண்டியராஜன் 'ஆண் பாவம்' படத்துக்குக் கூப்பிட்டார். ரேடியோ நிலையத்தில் பாடினால் அந்த நிகழ்ச்சிக்கு ஒரு சம்பளம் உண்டு. குரல் தேர்வு வைத்து கிரேடு கொடுப்பார்கள், கிரேடைப் பொறுத்துத் தொகை. பதிவு நிலையத்துக்கே. இன்றைக்கு அது பிரசார் பாரதியின் சொத்து.

அடுத்தது சினிமா. 1985 டிசம்பரில் வந்த 'ஆண் பாவம்' படத்துக்கு இளையராஜா இசை. கருப்பாயி அதில் நடிக்கவும் செய்தார், பாடவும் செய்தார். அந்தக் காலத்தில் சினிமாப் பாட்டு என்றால் தயாரிப்பாளருக்குத்தான் முதல் உரிமை. 1977-ல் சுப்ரீம் கோர்ட்டே அப்படிச் சொல்லியிருந்தது. தயாரிப்பாளர் அதை ஆடியோ கம்பெனிக்கு விற்பார். கம்பெனி கை மாறும். பாட்டு உரிமைக்காக இளையராஜாவே ஆடியோ கம்பெனிகளோடு வருஷக்கணக்கில் கோர்ட்டில் மோதுகிறார் என்றால், கொல்லங்குடியில் இருந்து பஸ் ஏறி வந்து பாடிவிட்டுப் போன ஒரு அம்மாவின் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கோயில் திருவிழா, கல்யாணம், கட்சி மேடை. நாட்டுப்புறப் பாடகர்கள் அதிகமாகப் பாடியது இங்கேதான். ஆனால் பதிவானது குறைவு. பதிவானதும் மைக் செட்காரர் கேசட்டிலோ, யாரோ ஒருவருடைய ஃபோனிலோ இருக்கும்.

ஆக, ஒருத்தர் தொகுப்பு போட நினைத்தால் ரேடியோவுக்கு ஒரு கடிதம், ஆடியோ கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதணும், மேடைப் பதிவுக்கு வீடு வீடாகத் தேடணும். பாடகி ஒருத்தர்தான், சாவி வேற வேற ஆள்கிட்ட.

பாடினவருக்குச் சட்டத்தில் உரிமையே இல்லையா?

ரொம்ப நாள் இல்லை. 1957-ல் வந்த காப்புரிமைச் சட்டத்தில் பாட்டு எழுதியவர் இருந்தார், மெட்டுப் போட்டவர் இருந்தார், ரெக்கார்ட் போட்ட கம்பெனி இருந்தது. பாடியவர் இல்லை. 1994-ல் சட்டத்தைத் திருத்தியபோதுதான் 'நிகழ்த்துபவர்' என்று ஒருவரைச் சட்டம் கண்டுகொண்டது. கருப்பாயி 'ஆண் பாவத்தில்' பாடி ஒன்பது வருஷம் கழித்து!

2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவர் பாடியதை வியாபார ரீதியாகப் பயன்படுத்தினால் அவருக்கு ராயல்டி உண்டு. சினிமாவுக்குப் பாடியிருந்தாலும் உண்டு. பாடினவர் பெயரைச் சொல்லணும், குரலை அவர் மரியாதை கெடும்படி வெட்டி ஒட்டக்கூடாது என்பதும் அதில் இருக்கிறது. இந்த உரிமை பாடிய அடுத்த வருஷத்தில் இருந்து 50 ஆண்டுகள் இருக்கும். ராயல்டியை வசூலித்துக் கொடுக்க பாடகர்களுக்கென்று ஒரு சங்கமும் 2013-ல் பதிவானது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதே 2012 திருத்தத்தில் ஒரு வரி இருக்கிறது, பலர் கவனிக்காத வரி. சினிமாவில் ஒருவரின் பங்கு 'தற்செயலானது' என்ற மாதிரி இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில் பெயர் போடாத ஆளாகவும் இருந்தால், அவர் 'நிகழ்த்துபவர்' கணக்கில் வரமாட்டார். மரியாதை கெடும்படி வெட்டி ஒட்டுவதைத் தடுக்கும் உரிமை மட்டும் மிஞ்சும். ராயல்டி கிடையாது.

நம்ம படங்களில் திருவிழா சீன் வரும். பத்து அம்மாக்கள் குலவை போடுவார்கள். சாவு சீனில் நிஜமான ஒப்பாரிப் பாட்டுக்காரரைக் கூப்பிட்டு அழ வைப்பார்கள். டைட்டிலில் அவங்க பெயர் வருதான்னு அடுத்த தடவை பாருங்க. அந்த ஒரு வரியில்தான் காசே இருக்கிறது.

சரி, பாட்டு யாருடையது? ஊர்ப் பாட்டுக்கு யார் சொந்தக்காரர்?

பாட்டி, பூட்டி காலத்தில் இருந்து வரும் தாலாட்டுக்கோ நடவுப் பாட்டுக்கோ தனி ஆசிரியர் கிடையாது. அது பொதுச் சொத்து. யாரும் பாடலாம், யாரும் ரெக்கார்ட் செய்யலாம். நாட்டுப்புற வழக்குக்கென்று தனிப் பாதுகாப்பு இந்திய காப்புரிமைச் சட்டத்தில் இல்லை. அதனால்தான் பழைய தெம்மாங்கை எடுத்து நாலு வார்த்தை மாற்றி சினிமாவில் போட்டால், எழுதியவர் என்று இன்னொருவர் பெயர் வர முடிகிறது.

ஆனால் நம்ம நாட்டுப்புறப் பாடகிகள் பழைய பாட்டை மட்டுமா பாடுகிறார்கள்? மெட்டு பழசு, வார்த்தை அவங்களே அந்த இடத்தில் கட்டுவது. ஊர்ப் பெயர், சாமி பெயர், இறந்தவர் பெயர், அன்றைக்கு நடந்த சங்கதி எல்லாம் சேர்த்துப் புதுசாகக் கட்டுவார்கள். இது சொந்தப் படைப்பு. இதற்கு அந்த அம்மாதான் ஆசிரியர். எங்கேயும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஆயுள் முழுக்கவும், இறந்த பிறகு 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. பாடகி உரிமையைவிட இது பெரிசு. ஆனால் 'பாடல்: பாரம்பரியம்' என்று யாராவது ஒரு வார்த்தை போட்டுவிட்டால் இந்த உரிமை காணாமல் போய்விடும். எழுதப் பழகாதவர்கள் விஷயத்தில் இது சுலபமாக நடக்கிறது.

சரியாக நடந்த உதாரணமும் இருக்கிறது. அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பழங்குடிப் பாடகி நஞ்சம்மா. 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் பாடியதற்கு 2020-ம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது வாங்கினார். முறையாக சங்கீதம் படிக்காதவருக்கு எப்படி விருது தரலாம் என்று அப்போது ஒரு சர்ச்சை கிளம்பியது நினைவிருக்கலாம். அந்தச் சத்தத்தில் ஒரு விஷயம் அமுங்கிப் போச்சு. அந்தப் பாட்டுக்குப் பாடகியாக மட்டும் இல்லை, பாடலாசிரியராகவும் நஞ்சம்மா பெயரைத்தான் போட்டார்கள்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிசு என்று தெரிய, மறுபடி அமெரிக்க கன்ட்ரி பக்கம் போகலாம். டாலி பார்ட்டன் 1974-ல் ஒரு பாட்டை எழுதிப் பாடி ஹிட் ஆக்கினார். எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட ஆசைப்பட்டார். ஆனால் எல்விஸின் மேனேஜர் பாட்டு உரிமையில் பாதி கேட்டார். டாலி முடியாது என்று சொல்லிவிட்டார். எல்விஸ் எவ்வளவு பெரிய ஆள்! அவருக்கே இல்லைன்னு சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்? 1992-ல் அதே பாட்டை 'தி பாடிகார்ட்' படத்துக்காக விட்னி ஹூஸ்டன் பாடினார். உலகமே கேட்டது. எழுதியவர் என்ற முறையில் பணம் டாலிக்கு வந்தது. தான் பாடாத ரெக்கார்டில் இருந்து!

நம்ம ஊர்ல ஹிட் கொடுத்த அம்மாக்கள்

பரவை முனியம்மாவுக்கு சினிமா வாய்ப்பு வந்தது 2003-ல், 'தூள்' படத்தில். அப்போது அவர் பேரன் பேத்தி எடுத்த வயது. அந்த ஒரே பாட்டில் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த முகம் ஆனார். 2015-ல் அவர் உடம்பு முடியாமல் கஷ்டப்படுவது தெரிந்து, அன்றைய முதல்வர் ஜெயலலிதா 6 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போட்டு மாதம் 6 ஆயிரம் வட்டி கிடைக்க ஏற்பாடு செய்தார். 2020 மார்ச் 29-ல், ஊரடங்கு நேரத்தில், முனியம்மா காலமானார். அரசு கொடுத்த உதவி நல்ல விஷயம்தான். ஆனால் உதவி வேற, ராயல்டி வேற. உதவியை யாராவது பார்த்துக் கொடுக்கணும். ராயல்டி கேட்டு வாங்குவது.

சின்னப்பொண்ணு கதை கொஞ்சம் வேற மாதிரி. 2005-ல் 'சந்திரமுகி'யில் பாடினார். 2008-ல் 'காதலில் விழுந்தேன்' படத்தின் 'நாக்க முக்க' வந்தது. அந்தப் பாட்டு டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் சென்னை விளம்பரத்துக்குப் போனது, அப்புறம் 'தி டர்ட்டி பிக்சர்' இந்திப் படத்துக்கும் போனது. ஒரு பாட்டு இப்படி ஊர் விட்டு ஊர் போகும் ஒவ்வொரு முறையும் உரிமை வைத்திருப்பவருக்கு ஒரு பில் போடும் வாய்ப்பு வருகிறது. பாடகர் ராயல்டி சட்டத்துக்கு வந்தது 2012-ல். இந்த ஓட்டமெல்லாம் அதற்கு முன்னாடியே நடந்து முடிந்துவிட்டது.

இவங்க எல்லாரையும்விட வேற பாதையில் போனவர் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன். கணவர் நவநீதகிருஷ்ணனோடு ஊர் ஊராகப் போய் பாட்டுகளைச் சேகரித்தார், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார், 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். மேடையும் இருந்தது, மாதச் சம்பளமும் இருந்தது. பாட்டு எழுத்தாகப் பதிவானது. படிப்பும் வேலையும் இருந்தால் பாட்டை மட்டும் நம்ப வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு அது வாய்க்கவில்லை என்பதுதான் வித்தியாசம், திறமையில் இல்லை.

இப்போ பாடுறவங்க என்ன கவனிக்கணும்?

இது பழைய கதை மட்டும் இல்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டு மாதிரி ஒரு ஊரை எடுத்துக்குங்க. தென்பெண்ணைக் கரை, சர்க்கரை ஆலை, சுற்றிலும் கரும்பும் நெல்லும். நடவில் ஒரு அம்மா எடுத்துக்கொடுக்க மற்றவங்க வாங்கிப் பாடுவாங்க. ஆடி மாசம் கூழ் ஊத்தும்போது அம்மன் பாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி. அந்தப் பக்கம் கல்வராயன் மலையில் பழங்குடி மக்களின் பாட்டு தனி. ஒரு காலத்தில் கேசட் கம்பெனிக்காரர் தேடி வரணும். இப்போ ஃபோனும் ஒரு சின்ன மைக்கும் இருந்தால் போதும், யூட்யூப் சேனல்காரர் வரப்பு மேலேயே வந்து நிற்கிறார். சாப்பாடு, போக்குவரத்து, கையில் கொஞ்சம் காசு. வீடியோ ஏறிவிடும்.

அப்படி வந்தால் கேட்க வேண்டியது ரொம்ப இல்லை. வீடியோவில் பாடியவர் பெயரும் ஊரும் வருமா? சொந்தமாகக் கட்டிய பாட்டு என்றால் எழுதியவர் என்றும் அந்தப் பெயரே வருமா? பின்னால பாடுற அம்மாக்கள் பெயரும் வரணும், அதை விட்டுடாதீங்க. பாட ஆரம்பிக்கும் முன்னாடி "இது நான் கட்டின பாட்டு" என்று பெயரோடு, தேதியோடு கேமராவில் ஒரு வரி சொல்லிவிட்டால் பிற்பாடு அதுவே ஒரு சாட்சி. வீட்டுப் பிள்ளைகளை விட்டு அதே பாட்டை நம்ம ஃபோனிலும் ஒரு பதிவு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கையெழுத்து கேட்டால் இன்னும் கவனம். காப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷத்துக்கு என்று காகிதத்தில் இல்லை என்றால் சட்டப்படி 5 வருஷம்தான். எந்த நாட்டுக்கு என்று இல்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தவில்லை என்றால், காகிதத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, அந்த உரிமை காலாவதி ஆகிவிடும். 2012-க்குப் பிறகு போட்ட ஒப்பந்தம் என்றால், அன்றைக்குப் புழக்கத்தில் இல்லாத ஒரு புது வழியில் பாட்டை விற்க, அதைப் பெயர் சொல்லி எழுதியிருக்கணும்.

காகிதத்தில் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்', 'எல்லா வடிவத்திலும்' என்ற மூன்று வார்த்தைகள் இருக்கிறதா என்று மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. இருந்தால் தொகையைப் பேசி முடிக்கும் வரை கையெழுத்து வேண்டாம்.