காவிரிக் கலவரம் சொல்லிக்கொண்டுதான் வருகிறது

2016 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. பெங்களூரு டிசோசா நகர் டெப்போவில் நின்றிருந்த 40-க்கும் மேற்பட்ட கேபிஎன் பேருந்துகளுக்குத் தீ வைத்தார்கள். தமிழ்நாட்டுத் தனியார் நிறுவனத்தின் பேருந்துகள் என்பது ஒன்றே அவை செய்த குற்றம். ஹெக்கனஹள்ளியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு.

இதைத் திடீர்க் கலவரம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. செப்டம்பர் 5-ல், தமிழ்நாட்டுக்குக் காவிரியில் விநாடிக்கு 15,000 கனஅடி நீர் திறக்கக் கர்நாடகத்துக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 9-ம் தேதி கர்நாடக பந்த். அந்த வார இறுதியில், முகநூல் பதிவுக்காக ஒரு தமிழ் மாணவரைப் பெங்களூரில் அடித்த வீடியோ பரவியது. திங்கள் அதிகாலை சென்னை மயிலாப்பூரில் கர்நாடகத்தவரின் ஓட்டல் தாக்கப்பட்டது. அன்றே நீதிமன்றம் அளவை 12,000 கனஅடியாகக் குறைத்து, நாட்களை 20-ம் தேதி வரை நீட்டியது. மதியத்துக்குள் பெங்களூரு பற்றிக்கொண்டது.

மோதலை முன்கூட்டிக் கணிப்பது இன்று தனி ஆய்வுத்துறை. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'வியூஸ்' அமைப்பு, ஆயுத மோதல்களை 36 மாதங்கள் வரை முன்னோக்கிக் கணிக்கிறது. ஆனால் இத்தகைய கணினி மாதிரிகளுக்குப் பெரிய பலவீனம் உண்டு. ஏற்கெனவே ரத்தம் சிந்தும் இடத்தில் அது தொடருமா என்று நன்றாகச் சொல்லும். அமைதியான ஊரில் புதிதாக எப்போது வெடிக்கும் என்பதில் தடுமாறும்.

நகரக் கலவரத்துக்கு அமெரிக்க ஆய்வாளர் சூசன் பெனஷின் அணுகுமுறை பொருத்தமானது. பேசுபவர், கேட்பவர், பேச்சு, சூழல், பரவும் ஊடகம் என ஐந்தையும் சேர்த்துப் பார்த்து ஒரு பேச்சின் ஆபத்தை அவர் எடைபோடுகிறார். மழை பெய்த ஆண்டில் அந்த அடிதடி வீடியோ உள்ளூர்ச் செய்தியோடு முடிந்திருக்கும். அணை வறண்ட செப்டம்பரில் அது பழிவாங்கும் அழைப்பானது.

காவிரியில் சூழலை அளப்பது சுலபம். கர்நாடகத்தில் காவிரியின் குறுக்கே உள்ள கேஆர்எஸ் அணையின் முழு மட்டம் 124.80 அடி; தினசரி மட்டம் நாளிதழிலேயே வருகிறது. 2023-லும் பருவமழை பொய்த்தது, பந்த் நடந்தது. பெங்களூரு போலீஸ் முன்கூட்டியே 144 தடை உத்தரவு போட்டது. பேருந்துகள் எரியவில்லை.

தடை உத்தரவு கடைசி நேர மருந்து. ஆகஸ்ட் இறுதியில் அணை மட்டம் தாழ்ந்தாலே இரு மாநிலக் காவல்துறையும், கன்னட அமைப்புகளும், அல்சூரில் இருக்கும் பெங்களூரு தமிழ்ச் சங்கமும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். வதந்தி கிளம்பினால் யார் யாரை அழைப்பது என்று அன்றே முடிவு செய்ய வேண்டும். நீதிமன்றத் தேதி தெரியும்போது இதைச் செய்யாமலிருக்க எந்த அரசுக்கும் சாக்கு இல்லை.