கிணறு வற்றினாலும் பட்டையை இறக்குவோம்

"சுவாமி, செபமாலையைக் கையில எடுத்தாலே காணி உறுதிதான் கண்ணுக்கு முன்னால வருகுது. வாய் அருள்நிறை மரியே சொல்லுது, மனம் கச்சேரி வாசல்ல நிக்குது. இப்பிடிச் செபிக்கிறதிலும் பார்க்க விடுறது நல்லதுதானே?"

இடம்பெயர்ந்து வாழும் ஒரு தாய் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. எம் மக்களிற் பலர் இதே கேள்வியை வெளியே சொல்லாமல் உள்ளே வைத்திருக்கிறார்கள். செபத்தில் மனம் அலைவதை எமது முன்னோர் 'பராக்கு' என்றார்கள். எவ்வளவு செபித்தும் மனதில் ஈரமே இல்லாத நிலையை வறட்சி என்கிறோம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமம் மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நான் சிறுவன். நாவற்குழிப் பாலத்தை நெருங்கும்வரை அம்மம்மா செபமாலை சொல்லிக்கொண்டே வந்தார். இடையிடையே, "கோழிக்கூட்டைத் திறந்து விட்டனாங்களோ?" என்று கேட்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். எத்தனை மணி சொன்னார் என்ற கணக்கு அவருக்கே தெரிந்திராது. இன்றுவரை நான் கேட்ட செபமாலைகளில் அதுவே சிறந்தது என்பேன். பராக்கு வந்தது, அவரோ ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார்.

செபத்தின் ஆசிரியை என்று திருச்சபை போற்றும் அவிலா நகர்ப் புனித தெரேசா 1515இல் ஸ்பெயின் நாட்டிற் பிறந்தவர். 1970இல் மறைவல்லுநர் பட்டம் பெற்ற முதற் பெண் அவரே. அவரும் பல ஆண்டுகள் வறட்சியில் தவித்தார். செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அதே நூலில் அவர் செபத்தைத் தோட்டத்துக்கு நீர் இறைப்பதற்கு ஒப்பிடுகிறார். கிணற்றில் கையால் அள்ளுவது ஒரு வகை. எமது மூத்தோர் 'சூத்திரம்' என்று சொன்ன சக்கரத்தால் இறைப்பது இரண்டாவது வகை. ஆற்றுநீரைப் பாய்ச்சுவது மூன்றாவது. வானத்து மழை நான்காவது. முதல் வகையில் உழைப்பு அதிகம், தண்ணீர் குறைவு. மழையோ முழுவதும் இறைவனின் கொடை. கிணறே வற்றிப்போனால்? தோட்டக்காரன் தன்னால் இயன்றதைச் செய்யட்டும், தண்ணீர் இல்லாமலே பூக்களைக் காக்க ஆண்டவருக்குத் தெரியும் என்கிறார் அவர். துலா மிதித்து வெங்காயப் பாத்திக்கு நீர் கட்டிய குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குழந்தை யேசுவின் புனித தெரேசாள் 1897இல், 24 வயதில் இறந்தவர். செபநேரத்தில் அவர் பல ஆண்டுகள் தூங்கி விழுந்தார். பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்கு அதே அன்புதானே என்று ஆறுதலடைந்தார். தனியாகச் செபமாலை சொல்வது அவருக்குப் பெரும் பாடாக இருந்தது. மனம் வறண்டபோது ஒரு கர்த்தர் கற்பித்த செபத்தையும் ஒரு அருள்நிறை மரியேயையும் மிக மெதுவாகச் சொல்வார். அவரையும் திருச்சபை 1997இல் மறைவல்லுநராக உயர்த்தியது.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன?

முதலாவது, பராக்கைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இதையே சொல்கிறது. அதைத் துரத்துவதே அதன் பொறியில் விழுவதாகும். அமைதியாக இறைவனிடம் திரும்பினாற் போதும். ஆடு வேலியைத் தாண்டினால் பிடித்து வந்து கட்டுகிறோம். அதற்காக ஆட்டை விற்றுவிடுவதில்லை.

இரண்டாவது, திரும்பத் திரும்ப வரும் கவலையையே செபமாக்குங்கள். காணி நினைவு வந்தால், "ஆண்டவரே, இதோ என் காணி" என்று அவர் முன்னே வையுங்கள். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்கள் தம் ஊர் நினைந்து அழுததும் 137ஆம் சங்கீதமாக வேதாகமத்தில் இடம்பெற்றிருக்கிறதே.

மூன்றாவது, நேரத்தைக் குறையுங்கள், ஆனால் நாளைத் தவறவிடாதீர்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் ஒன்றும் உணராவிட்டாலும் எழுந்து போகாதீர்கள்.

நான்காவது, வறட்சிக்குக் காரணம் களைப்பா, துயரமா, அயலாரோடு கொண்ட பகையா என்று பாருங்கள். பகையென்றால் சமாதானமாகுங்கள். துயரத்தால் ஊணும் உறக்கமும் இல்லையென்றால் நம்பிக்கையான ஒருவரோடு பேசுங்கள், வைத்தியரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவல்ல.

இன்னொன்று: செபம் கச்சேரிக்குப் போகும் வேலையைச் செய்து தராது. விண்ணப்பத்தை நாமே எழுதவேண்டும். பலமுறை திருப்பி அனுப்பப்பட்டவர் மறுபடியும் போவதற்கான பொறுமையைச் செபம் தரும்.

இவற்றையே அந்தத் தாய்க்கும் சொன்னேன். சில வாரங்களின் பின் அவரைச் சந்தித்தபோது காணி கிடைத்திருக்கவில்லை. பராக்கும் போகவில்லை.

"இப்ப முதலாம் தேவ இரகசியத்தைக் காணிக்கெண்டே ஒப்புக்குடுக்கிறன், சுவாமி," என்றார். "மற்ற நாலிலயும் காணி வரத்தான் செய்யுது. வந்தால், 'உனக்குரியது முடிஞ்சுது, போ' எண்டு சொல்லிப்போட்டுத் தொடருறன்."